ரிக் அண்ட் மார்ட்டி காமிக்ஸ் சேர்ப்பது எப்படி: சேலம், ஏற்காடு வாசகர்களுக்கு

சேலத்தில் இருந்துகொண்டு அமெரிக்க காமிக்ஸ் சேர்க்கத் தொடங்குகிறவருக்குப் புத்தக விலையால் பெரிய நஷ்டம் வருவதில்லை. தவறான பதிப்பு, தபால் கூலி, சுங்கத்தில் சிக்கல், கடைசியில் பரணில் வைத்த பெட்டிக்குள் பூஞ்சை என்று இந்த நான்கில்தான் காசு கரைகிறது. நான்கையுமே முன்கூட்டித் தடுத்துவிடலாம். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது ரிக் அண்ட் மார்ட்டி. பெரியவர்களுக்காக எடுத்த கார்ட்டூன் நகைச்சுவைத் தொடர்களின் காமிக்ஸில் இன்று எளிதாகக் கிடைப்பதும் இதுதான், ஆளைக் குழப்புவதும் இதுதான். ஃப்யூச்சுராமா, பாப்ஸ் பர்கர்ஸ் காமிக்ஸ் தேடுகிறவர்களுக்கும் இதே முறை பொருந்தும்.

1. தனி இதழா, தொகுப்பா? முதலில் இதை முடிவு செய்யுங்கள்

ஓனி பிரெஸ் வெளியிட்ட முதன்மைத் தொடர் 2015 ஏப்ரலில் தொடங்கி 2020 வரை 60 இதழ்கள் வந்தது. ஓர் இதழின் அட்டை விலை 3.99 டாலர். அதே 60 இதழ்களும் ஐந்தைந்தாகச் சேர்த்து 12 தொகுப்புகளாகவும் வந்துள்ளன. தொகுப்பு ஒன்று 19.99 டாலர். பெருக்கிப் பாருங்கள். 60 இதழுக்கு 239.40 டாலர், 12 தொகுப்புக்கு 239.88 டாலர். அட்டை விலையில் வித்தியாசமே இல்லை.

வித்தியாசம் எடையிலும் கிடைக்கும் விதத்திலும் இருக்கிறது. பாதுகாப்புக்காகப் பிளாஸ்டிக் உறையும் பின்னால் கெட்டி அட்டையும் போட்ட ஒரு தனி இதழ் ஏறக்குறைய 100 முதல் 120 கிராம் வரும். 60 இதழ் என்றால் 7 கிலோவை நெருங்கிவிடும். 12 தொகுப்புகள் அதைவிட லேசு, அலமாரியில் நிற்க வைக்கலாம், இந்தியக் கடைகளிலேயே கிடைக்கும். தனி இதழ்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். தொடக்க இதழ்களின் முதல் அச்சை அட்டை விலைக்குத் தருகிறவர்களும் அநேகமாக இல்லை.

என் கருத்து: படிப்பதுதான் நோக்கம் என்றால் தொகுப்பு போதும். அட்டைப் படங்கள், பொருளாக வைத்துக்கொள்ளும் மகிழ்ச்சி, பின்னாளில் விற்கும் வாய்ப்பு இவையெல்லாம் வேண்டும் என்றால் தனி இதழ். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்காதீர்கள். முதல் தொகுப்பை மட்டும் வாங்கிப் படித்துவிட்டு, பிடித்தால் பிறகு தனி இதழுக்குப் போங்கள்.

இந்த காமிக்ஸ் டிவியில் வந்த எபிசோடுகளை மறுபடி சொல்வதில்லை. இந்தக் கதையில் பல இணை உலகங்கள் உண்டு, ஒவ்வொன்றும் ஒரு பரிமாணம். டிவி தொடரின் ரிக் சி-137 பரிமாணத்தைச் சேர்ந்தவர் என்பது ரசிகர்களுக்குத் தெரியும். காமிக்ஸில் வருகிறவர்கள் சி-132 பரிமாணத்துக்காரர்கள். கதைகள் புதியவை. பார்த்த எபிசோடைத் தேடி இதழ் இதழாக வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

2. வாங்கும் முன் பட்டியல் போடுங்கள்

முதன்மைத் தொடர் தவிர இத்தனை குறுந்தொடர்கள் உண்டு என்று தெரியாமல் ஆர்டர் போட்டால் குழப்பம் வரும். முக்கியமானவை:

லில் பூப்பி சூப்பர்ஸ்டார் 2016இல் வந்தது, 5 இதழ். பாக்கெட் லைக் யூ ஸ்டோல் இட் 2017, அதுவும் 5 இதழ். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டோடு மோதும் கதை 2018இல் தொடங்கியது, 4 இதழ். இதை ஐ.டி.டபிள்யூ. பதிப்பகமும் ஓனியும் சேர்ந்து வெளியிட்டன. பெயின்ஸ்கேப் என்று இதற்கு இரண்டாம் பாகமும் உண்டு, அதுவும் 4 இதழ். ‘பிரசன்ட்ஸ்’ என்ற தலைப்பில் 2018 முதல் ஒற்றை இதழ்க் கதைகள் வந்தன. முதலாவது, டிவி தொடரில் வரும் விண்டிகேட்டர்ஸ் என்ற சூப்பர்ஹீரோ கூட்டத்தைப் பற்றியது. முதன்மைத் தொடர் முடிந்த பிறகு கோ டு ஹெல், எவர் ஆஃப்டர், வேர்ல்ட்ஸ் அபார்ட், கார்ப்பரேட் அசெட்ஸ் என்று வரிசையாகக் குறுந்தொடர்கள். 2023 ஜனவரியில் மறுபடி 1ஆம் எண்ணிலிருந்து புதிய மாத இதழ் தொடங்கியது.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் புதியவர்கள் அதிகம் மாட்டுகிறார்கள். ‘ரிக் அண்ட் மார்ட்டி, இதழ் 1’ என்று விற்பனையாளர் போட்டிருந்தால் அது 2015ஆம் ஆண்டின் முதல் இதழா, 2023இன் முதல் இதழா? இரண்டுக்கும் சந்தை மதிப்பில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆண்டு குறிப்பிடாத விளம்பரத்தில் உள்பக்கப் படம் கேளுங்கள். முன் அட்டையின் உள்பக்கத்திலோ முதல் சில பக்கங்களிலோ சின்ன எழுத்தில் பதிப்பு விவரம் இருக்கும். மாதமும் ஆண்டும் அங்கே அச்சாகியிருக்கும்.

தொகுப்பில் இன்னொரு பொறி: கெட்டி அட்டைப் பதிப்பின் முதல் புத்தகத்தில் 1 முதல் 10 வரை உள்ள இதழ்கள் இருக்கின்றன. அதாவது சாதா அட்டைத் தொகுப்பு 1ம் 2ம் சேர்ந்தது. உங்களிடம் சாதாத் தொகுப்புகள் இருந்தால் கெட்டி அட்டையை வாங்குவது ஒரே கதைக்கு இரண்டு முறை காசு கொடுப்பது. பிரிட்டனில் டைட்டன் நிறுவனம் வெளியிட்ட பதிப்பும் நம் ஊர்த் தளங்களில் தலைகாட்டும். கதை அதேதான், புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னும் முதுகில் உள்ள முத்திரையும் வேறு. அலமாரியில் 12ம் ஒரே மாதிரி நிற்க வேண்டும் என்று நினைப்பவர்கள் ஆர்டருக்கு முன் ஐ.எஸ்.பி.என்.னை ஒப்பிட வேண்டும்.

கிண்டில் பதிப்பை அச்சுப் புத்தகம் என்று நினைத்து வாங்குவதும் நடக்கிறது. விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால் ‘பேப்பர்பேக்’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

3. பார்கோடைப் படிக்கப் பழகுங்கள்

தனி இதழில் பெரிய பார்கோடுக்குப் பக்கத்தில் 5 இலக்கத்தில் ஒரு சின்னக் கோடு இருக்கும். முதல் மூன்று இலக்கம் இதழ் எண். நான்காவது, எந்த முகப்பு அட்டை என்பது (ஒரே இதழ் வெவ்வேறு முகப்புப் படங்களோடு வருவதுண்டு). ஐந்தாவது, எத்தனையாவது அச்சு என்பது.

00111 என்றால் 1ஆம் இதழ், முதல் அட்டை, முதல் அச்சு. 00121 என்றால் அதே இதழின் இரண்டாவது அட்டை. 00112 என்றால் மறு அச்சு. 2015ஆம் ஆண்டின் முதல் இதழ் பலமுறை மறு அச்சானது. ‘முதல் இதழ்’ என்று மட்டும் சொல்லி மறு அச்சை முதல் அச்சு விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். கடைசி இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நேர்மையான விற்பனையாளர் ஒரு நிமிடத்தில் அனுப்பிவிடுவார். மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். சில கடைகளுக்கென்றே அச்சிட்ட தனி அட்டைகளில் பார்கோடு இல்லாமலும் இருக்கலாம். அப்போது உள்பக்கப் பதிப்பு விவரம்தான் ஆதாரம்.

தொகுப்பில் இந்த 5 இலக்கத்துக்குப் பொருள் வேறு. 51999 என்றால் அமெரிக்க விலை 19.99 டாலர். முதலில் வரும் 5 என்ற இலக்கம் அமெரிக்க டாலர் என்பதைக் குறிக்கிறது. தொகுப்பு எத்தனையாவது அச்சு என்று அறிய, பதிப்பு விவரப் பக்கத்தில் இருக்கும் எண் வரிசையைப் பாருங்கள். அதில் மிச்சமிருக்கும் மிகச் சிறிய எண்தான் அச்சு எண்.

‘1க்கு 10’, ‘1க்கு 25’ என்று விளம்பரங்களில் வரும். கடைக்காரர் சாதா அட்டையில் 10 பிரதி எடுத்தால் அவருக்கு இந்த அட்டையில் ஒரு பிரதி கிடைக்கும் என்று அர்த்தம். அது அரிதானது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பெரிய கடைகள் ஆயிரக்கணக்கில் எடுத்தால் அந்த அட்டையும் நூற்றுக்கணக்கில் வெளியே வந்துவிடும். தொடங்குகிறவர்கள் இதற்குப் பின்னால் ஓட வேண்டாம். அதேபோல, மே மாத முதல் சனிக்கிழமையில் அமெரிக்கக் கடைகள் இலவசமாகக் கொடுத்த ‘ஃப்ரீ காமிக் புக் டே’ இதழுக்குப் பெரிய விலை கொடுக்காதீர்கள்.

4. எங்கே வாங்குவது

தொகுப்புகளுக்கு அமேசான் இந்தியா, ஃபிளிப்கார்ட், புக்ஸ்வாகன், சப்னா ஆகியவற்றில் ஒரே ஐ.எஸ்.பி.என்.னைத் தட்டி விலையை ஒப்பிடுங்கள். ஒரே புத்தகத்துக்கு ஒரே நாளில் 300, 400 ரூபாய் வித்தியாசம் வருவது சாதாரணம். ‘இறக்குமதி, 3 வாரம்’ என்று போட்டிருப்பவர்கள் ஆர்டர் வந்த பிறகுதான் வெளியிலிருந்து வரவழைப்பார்கள். கடைசி நேரத்தில் ரத்தாகவும் வாய்ப்பு உண்டு. பிறந்த நாளைக்கு நம்பி ஆர்டர் போடாதீர்கள்.

சேலத்துப் பழைய புத்தகக் கடைகளில் இந்தத் தொடர் கிடைப்பது அபூர்வம். லயன், முத்து காமிக்ஸ் தேடிப் போகும்போது ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். கையில் எடுத்துப் பார்த்து வாங்க வேண்டும் என்றால் பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட் நல்லது. ப்ளாஸம், புக்வோர்ம் போன்ற கடைகளில் புதிய தொகுப்பும் கை மாறிய தொகுப்பும் சேர்ந்தே இருக்கும். சேலத்திலிருந்து காலையில் கிளம்பினால் இரவு வீடு திரும்பிவிடலாம். சென்னையில் காமிக் கான் 2024, 2025 இரண்டு ஆண்டும் பிப்ரவரியில் வர்த்தக மையத்தில் நடந்தது. தனி இதழ்களை நேரில் புரட்டிப் பார்க்க அதுபோன்ற இடம் உதவும்.

தனி இதழ்களுக்கு ஈபே, மைகாமிக்ஷாப், மிட்டவுன் காமிக்ஸ், லண்டன் ஃபர்பிடன் பிளானட் ஆகியவை உண்டு. ஒவ்வொரு இதழாக வாங்காதீர்கள். 4 டாலர் இதழுக்கு 20 டாலர் தபால் கூலி கொடுப்பது எந்தக் கணக்கிலும் சரி வராது. ஒரே கடையில் 15, 20 இதழ் சேரும்வரை பட்டியலில் வைத்திருந்து மொத்தமாக எடுங்கள். ஈபேயில் ஒரே விற்பனையாளரிடம் பல இதழ் எடுத்தால், பணம் கட்டுவதற்கு முன் ‘கம்பைண்ட் ஷிப்பிங்’, அதாவது எல்லாவற்றையும் ஒரே பார்சலாக ஒரே கூலியில் அனுப்பும்படி கேட்க வேண்டும். கட்டிய பிறகு கேட்டால் குறைப்பது அவர் விருப்பம்.

திருட்டு அச்சும் இருக்கிறது. தொகுப்பின் அமெரிக்க விலையில் கால்வாசிக்குப் புதுப் புத்தகம் கிடைக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். இரண்டு இடங்களில் பிடிபடும். ஒன்று, கறுப்புக் கோடுகளின் ஓரம். அசலில் கத்தி போல் கூர்மையாக இருக்கும். நகலில் ஓரம் பூத்து, புள்ளி புள்ளியாகத் தெரியும். இரண்டு, ரிக்கின் நீலநிற முடி, வேறு உலகத்துக்குப் போகும் பச்சை வாசல் (போர்ட்டல்) போன்ற தட்டையான வண்ணப் பரப்புகள். நகலில் அங்கே வலை போல் ஒரு கோலம் ஓடும். பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்துப் பார்த்தால் போதும்.

5. ஆர்டருக்கு முன் தயாராக இருக்க வேண்டியவை

கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வையுங்கள். ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு விதிப்படி புதிய கார்டுகளில் இது மூடியே வரும். வங்கி ஆப்பில் நீங்களே திறந்து, வேலை முடிந்ததும் மூடிவிடலாம். வங்கி எடுக்கும் அன்னியச் செலாவணிக் கட்டணம் பல கார்டுகளில் 3.5 சதவீதம் வரை போகும். அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி.

கூரியரில் வரும் பார்சலுக்கு கே.ஒய்.சி. கேட்பார்கள். ஆதார், பாஸ்போர்ட் போல முகவரியோடு உள்ள அடையாள அட்டை ஒன்றின் தெளிவான ஸ்கேன் போனில் இருக்கட்டும். ஆர்டரில் போடும் பெயர் அட்டையில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இனிஷியலை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்பதில்கூடப் பார்சல் நிற்கும். சொந்த உபயோகத்துக்கு வாங்குகிறவருக்கு, இறக்குமதி ஏற்றுமதி வியாபாரிகளுக்கான ஐ.இ.சி. எண் தேவையில்லை. தேவை என்று யாராவது சொன்னால் ‘தனிநபர் உபயோகம்’ என்று எழுதிப் பதில் அனுப்புங்கள்.

விலைப்பட்டியல், பணம் கட்டிய ரசீது, பொருளின் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்தது, இந்த மூன்றையும் ஒரே பி.டி.எஃப். ஆக்கி வையுங்கள். சுங்கம் விளக்கம் கேட்டால் அந்த ஒரே கோப்பை அனுப்பிவிடலாம். கேட்டு வந்த பிறகு தேடினால் நாட்கள் ஓடும்.

பின்கோடு: சேலம் நகருக்குள் பிரச்சினை இல்லை. ஏற்காடு 636601க்குச் சில கூரியர்கள் மேலே வருவதில்லை. பணம் கட்டுவதற்கு முன்பே பின்கோடைத் தட்டிப் பாருங்கள். வராது என்றால் அஸ்தம்பட்டியிலோ ஃபேர்லேண்ட்ஸிலோ இருக்கும் சொந்தக்காரர் முகவரி கொடுப்பது நல்லது.

6. சுங்கம்: எவ்வளவு கட்ட வேண்டிவரும்

அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. 2019 பட்ஜெட்டில் இறக்குமதிப் புத்தகத்துக்கு 5 சதவீத அடிப்படைச் சுங்கவரி வந்தது. அந்த வரித் தொகையின் மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி. ஆக மொத்தம் 5.5 சதவீதம். இது புத்தக விலைக்கு மட்டும் இல்லை, தபால் கூலியையும் சேர்த்த மதிப்புக்கு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 15 இதழ் 60 டாலர், கூலி 40 டாலர், மொத்தம் 100 டாலர். டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் 9,000 ரூபாய். 5.5 சதவீத வரி 495 ரூபாய். வங்கிக் கட்டணம் 3.5 சதவீதம் 315 ரூபாய், அதன் மேல் ஜி.எஸ்.டி. 57 ரூபாய். கூரியர் கம்பெனியின் கிளியரன்ஸ் கட்டணம் இதற்கு வெளியே. அதை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், சில நேரம் வரியைவிட அதுதான் அதிகம். அதைச் சேர்க்காமலேயே 9,867 ரூபாய் ஆகிவிட்டது. ஓர் இதழ் கைக்கு வரும்போது 658 ரூபாய். இந்த எண்ணைத்தான் அடக்க விலை என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

பார்சல் மேல் எழுதும் வார்த்தை முக்கியம். ‘காமிக் புக்ஸ், அச்சிட்ட புத்தகங்கள்’ என்று இருக்க வேண்டும். விற்பனையாளர் பழக்கத்தில் ‘கலெக்டிபிள்ஸ்’, ‘டாய்ஸ்’ என்று எழுதிவிட்டால் புத்தகத்துக்கு உரிய விகிதம் கிடைக்காமல் போகலாம். ஆர்டர் போட்டதுமே இதை அவருக்கு எழுதிவிடுங்கள். புத்தகத்தோடு பொம்மை, டி-ஷர்ட் சேர்த்து ஒரே பார்சலில் வரவழைக்காதீர்கள்.

‘கிஃப்ட்’ என்று எழுதச் சொல்லும் பழைய யோசனையை மறந்துவிடுங்கள். 2019 டிசம்பரில் வெளிவந்த அரசு அறிவிப்பு ராக்கி, உயிர்காக்கும் மருந்து தவிர மற்ற பொருள்கள் அன்பளிப்பு என்ற பெயரில் வருவதைத் தடை செய்துவிட்டது. வரியை மிச்சம் பிடிக்கப் போய்ப் பார்சலையே இழப்பீர்கள். மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்வதும் அப்படித்தான். தொலைந்தால் குறைத்து எழுதிய தொகைக்குத்தான் இழப்பீடு கேட்க முடியும்.

‘சுங்கத்திலிருந்து பேசுகிறோம், 2,000 ரூபாய் இந்த யு.பி.ஐ. எண்ணுக்குப் போடுங்கள்’ என்று வரும் அழைப்பு மோசடி. சுங்க வரி யாருடைய தனிக் கணக்குக்கும் போகாது. தபாலில் வந்தால் பார்சலைத் தரும்போது ரசீதோடு வசூலிப்பார்கள். கூரியர் என்றால் அவர்களுடைய தளத்தில் கட்டுவீர்கள். சுங்கத் துறையின் கடிதத்தில் டி.ஐ.என். என்ற ஆவண எண் இருக்கும். துறையின் தளத்தில் அதைச் சரிபார்க்கலாம்.

7. எப்போது ஆர்டர் போடுவது, பார்சலை எப்படிப் பிரிப்பது

கூரியர் என்றால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம். தபால் என்றால் 3 முதல் 6 வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிராக்கிங் எண் 13 எழுத்து: முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் 9 இலக்கம், பின்னால் நாட்டின் குறியீடு இரண்டு எழுத்து. அதே எண்ணை இந்தியா போஸ்ட் தளத்திலும் போட்டுப் பார்க்கலாம். டிராக்கிங் இல்லாத மலிவுத் தபாலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஈபேயில் பொருள் வரவில்லை என்றால், வர வேண்டிய கடைசி நாளிலிருந்து 30 நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். அந்தத் தேதியை நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வந்து சேரும்படி ஆர்டர் போடாமல் இருப்பது நல்லது. தீபாவளி நெரிசல், அமெரிக்கப் பக்கம் கிறிஸ்துமஸ் நெரிசல், இங்கே வடகிழக்குப் பருவமழை மூன்றும் அப்போதுதான். ஏற்காட்டுக்காரர்களுக்கு மலைப்பாதையும் ஒரு கவலை. 2024 டிசம்பர் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தது. அந்த மாதிரி நேரத்தில் பார்சல் அடிவாரத்தில் ஈரத்தில் கிடக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை வந்தால் உத்தமம்.

கட்டும் விதத்தை விற்பனையாளரிடம் எழுதிக் கேளுங்கள்: ஒவ்வொரு இதழுக்கும் உறையும் அட்டையும், கட்டின் இரு பக்கமும் இதழைவிடப் பெரிய கெட்டி அட்டை, மொத்தமும் பிளாஸ்டிக்கில் சுற்றி, தட்டையான பெட்டிக்குள் அசையாமல். டேப்பை உறையில் ஒட்டாமல் வெளி அட்டையில் ஒட்டச் சொல்லுங்கள்.

பார்சல் வந்ததும் கத்தியைக் கையில் எடுக்காதீர்கள். மூடிய பெட்டியை ஆறு பக்கமும் படம் எடுத்துவிட்டு, வீடியோ ஓட விட்டுப் பிரியுங்கள். மழைநாளில் ஏற்காட்டில் வந்த பார்சலை வீட்டுக்குள் ஒரு நாள் மூடியபடியே வைத்துவிட்டு மறுநாள் திறப்பது நல்லது. பிறகு நடுப்பக்கத்தை விரித்து ஸ்டேப்பிளைப் பாருங்கள். பழுப்பு நிறம் காகிதத்தில் இறங்கியிருந்தால் அது ஏற்கனவே ஈரத்தில் இருந்த இதழ். முதுகு மடிப்பில் மை உடைந்த சின்ன வெள்ளைக் கோடுகளை ‘ஸ்பைன் டிக்’ என்பார்கள். ‘நியர் மின்ட்’ (ஏறக்குறையப் புதிது) என்று விற்ற இதழில் அது ஐந்தாறு இருந்தால் அன்றே படத்தோடு எழுதுங்கள்.

8. உறையும் அட்டையும்

இன்றைய அமெரிக்க இதழின் அளவு 168க்கு 260 மில்லிமீட்டர். கடையில் ‘கரண்ட்’ அல்லது ‘மாடர்ன்’ அளவு என்று கேளுங்கள். உறை 6 7/8க்கு 10 1/2 அங்குலம், அட்டை 6 3/4க்கு 10 1/2. ‘சில்வர்’ அளவு வாங்கினால் இதழ் உள்ளே ஆடி மூலை மடங்கும்.

உறை பாலிபுரோபிலீன் அல்லது மைலாராக இருக்க வேண்டும். ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும், மூக்கில் ஏறும் வாசனையடிக்கும் மெத்தென்ற பி.வி.சி. உறை ஆகவே ஆகாது. அது நாளடைவில் பிசுபிசுத்து மையை இழுத்துக்கொள்ளும். அமில நீக்கம் செய்த அட்டை ஆன்லைனில் 100 கட்டாகக் கிடைக்கிறது. அது வரும்வரை சமாளிக்க, அச்சகத்தில் 350 ஜி.எஸ்.எம். எஸ்.பி.எஸ். போர்டை 171க்கு 267 மில்லிமீட்டராக வெட்டித் தரச் சொல்லலாம். பின்பக்கம் சாம்பல் நிறமாக இருக்கும் டூப்ளெக்ஸ் போர்டு வேண்டாம், அமிலம் இதழுக்குள் இறங்கிப் பழுப்பாக்கும்.

இதழை உறையிலிருந்து எடுக்கும்போதுதான் அதிகம் கிழிகிறது. மேல் மடிப்பில் இருக்கும் டேப் இதழின் அட்டை முனையில் தொற்றிக்கொள்ளும். இழுத்தால் மையோடு உரிந்து வரும். டேப்பை முழுசாக உரித்து, மடிப்பை உறையின் பின்பக்கமாகத் திருப்பி, அங்கேயே ஒட்டிவிட்டுப் பிறகு இதழை அட்டையோடு சேர்த்து மெதுவாக மேலே தள்ளுங்கள். திரும்பப் போடும்போதும் அதே மாதிரி.

9. சேலத்துச் சூடு, ஏற்காட்டு ஈரம்

சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தொடும். மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் பரண் அடுப்பு போல் ஆகிவிடும். தொகுப்புகளின் முதுகுப் பசை காய்ந்து, நடுவில் திறந்தால் பக்கம் கழன்று வரும். கீழ்த்தளத்தில் உள்சுவர் ஓரமாக, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பெட்டி இருக்கட்டும். வெளிச்சுவரில் பெட்டி ஒட்டக் கூடாது, நான்கு விரல் இடைவெளி வேண்டும்.

பார்சல் வந்த அட்டைப்பெட்டியிலேயே வைத்துவிடாதீர்கள். நெளிவு அட்டைப்பெட்டியை ஒட்டுவது ஸ்டார்ச் பசை. சேலம் வட்டாரத்து மரவள்ளியிலிருந்து எடுக்கும் ஸ்டார்ச்சும் இந்தப் பசைக்குப் போகிறது. ராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் அது விருந்து. பெட்டியைத் தின்று முடித்ததும் இதழுக்கு வரும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியோ இரும்பு பீரோவோ நல்லது. அந்துருண்டை போடாதீர்கள், அதன் ஆவி பிளாஸ்டிக் உறையைக் கெடுக்கும், வாசனையும் காகிதத்தை விட்டுப் போகாது. வேப்பிலையும் வேண்டாம், இலையோடு ஈரமும் உள்ளே போகிறது.

ஏற்காட்டில் சூடு பிரச்சினை இல்லை, எல்லாம் ஈரம்தான். இந்த இதழ்களின் தாள் பளபளப்புப் பூச்சு உள்ள தாள். ஈரம் பட்டு அப்படியே காய்ந்தால் பூச்சு ஒன்றோடொன்று ஒட்டிப் பக்கங்கள் ஒரே பலகையாகிவிடும். பிரிக்கப் போனால் படம் உரியும். எனவே ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்றைப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். 45 முதல் 55 சதவீதம் வரை பரவாயில்லை. 65ஐத் தாண்டினால் பூஞ்சைக்குக் கதவு திறந்துவிட்டது என்று பொருள். இறுக்கமாக மூடும் ரப்பர் விளிம்புப் பெட்டி, உள்ளே அரை கிலோ சிலிக்கா ஜெல், இதுதான் தீர்வு. நிறம் மாறும் ஜெல்லாக வாங்குங்கள். ஆரஞ்சு பச்சையானால் அது ஈரத்தைக் குடித்து முடித்துவிட்டது. 110 முதல் 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறத்துக்குத் திரும்பும். பனிமூட்டம் உள்ள ஊரில் வெயிலில் காயவைப்பதை நம்ப முடியாது.

பனி இறங்கும் மாலையில் பெட்டியைத் திறக்காதீர்கள். வெயில் ஏறிய காலை 11 மணிக்கு மேல் திறந்து பத்து நிமிடத்தில் மூடிவிடுங்கள்.

பூஞ்சை வந்துவிட்டால் அந்த இதழை உடனே தனியே எடுங்கள். ஈரத் துணியால் துடைக்கக் கூடாது. உறையையும் அட்டையையும் எறிந்துவிட்டு, சிலிக்கா ஜெல்லோடு தனிப் பெட்டியில் ஒரு வாரம் காயவைத்து, முகமூடி போட்டுக்கொண்டு வெளியில் நின்று மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். முழுசாக நனைந்த இதழ் என்றால் காயவிடாமல் பக்கங்களுக்கு இடையே பட்டர் பேப்பர் வைத்து, ஜிப் உறையில் போட்டு ஃப்ரீஸருக்குள் வைத்துவிடுங்கள். பக்கம் ஒட்டிக்கொள்வதற்கு முன் உங்களுக்குக் கிடைப்பது சில மணி நேரம்தான்.

இன்னொன்று, வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இந்தப் பெட்டியை மேல்தட்டில் வையுங்கள். அட்டையில் இருக்கும் கார்ட்டூன் முகங்களைப் பார்த்து எடுப்பார்கள். உள்ளே இருப்பது ரத்தமும் கெட்ட வார்த்தையும் உள்ள பெரியவர்கள் கதை.

10. கணக்கு

ஒரு எக்செல் தாள் போதும். இதழ் எண், ஆண்டு, பார்கோட்டின் 5 இலக்கம், வாங்கிய இடம், அடக்க விலை, வந்த தேதி, வந்த நாளின் நிலை, முன் பின் அட்டைப் படம். அடக்க விலையில் கூலி, வரி, வங்கிக் கட்டணம் எல்லாம் பங்கு போட்டுச் சேர்ந்திருக்க வேண்டும். பார்கோடு இலக்கம் தாளில் இருந்தால் ஒரே இதழை இரண்டு முறை வாங்க மாட்டீர்கள். விற்கும் நாளில் வாங்குகிறவர் முதலில் கேட்பதும் அதைத்தான்.

அமெரிக்காவில் சி.ஜி.சி. போன்ற நிறுவனங்கள் 10க்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுக் கெட்டிப் பிளாஸ்டிக்கில் அடைத்துத் தருகின்றன. சேலத்திலிருந்து அனுப்பித் திரும்ப வரவழைக்கும் செலவு சாதா இதழுக்குக் கட்டுப்படியாகாது. மதிப்பெண் போட்ட பிரதியாகவே 2015ஆம் ஆண்டின் முதல் இதழ் வேண்டும் என்றால், ஏற்கனவே அடைத்த பிரதியை வாங்குங்கள். லேபிளில் இருக்கும் சான்றிதழ் எண்ணை சி.ஜி.சி. தளத்தில் போட்டு, அங்கே வரும் விவரம் விளம்பரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.